பள்ளிக்கூடம் கட்டிவிடலாம்... மாதச் சம்பளத்துக்கு எங்கே போவது? - தான்சானியாவின் ‘வாத்தியார்’ ஜூலியஸ் நைரேரேவின் கதை

1974 நவம்பர் மாதம். தான்சானியாவின் வடக்கே, விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கும் முசோமா என்ற சிறிய ஊரில் ஆளும் கட்சியின் செயற்குழு கூடியது. நாட்டில் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஆரம்பக் கல்வி கிடைக்க வேண்டும் என்பது ஏற்கெனவே இருந்த இலக்குதான். அதற்கு வைத்திருந்த கெடு 1989. முசோமாவில் கூடியவர்கள் அதை 1977 என்று மாற்றினார்கள். அதாவது, 15 ஆண்டு வேலையை மூன்றே ஆண்டில் முடித்தாக வேண்டும்!

அந்தக் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் அதிபர் ஜூலியஸ் நைரேரே. அவருக்கு முசோமா புது ஊர் அல்ல. 12 வயதில் அவர் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனது அதே ஊரில்தான்.

மூன்று ஆண்டு கெடுவை அவர் எட்டினாரா? கிட்டத்தட்ட எட்டினார். ஆனால் எட்டியதைத் தக்கவைக்க முடியவில்லை. ஏன்? அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி போன்ற நாடுகள் ஏழை நாடுகளுக்கான உதவி நிதியைக் குறைத்துவரும் இந்த நேரத்தில், நைரேரேவின் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது அவசியமாகிறது.

யார் இந்த நைரேரே?

1922ஆம் ஆண்டு, புட்டியாமா என்ற கிராமத்தில் பிறந்தவர் கம்பராகே நைரேரே. அப்பா, சனாகி என்ற சிறிய இனக்குழுவின் தலைவர். அப்பாவுக்கு மனைவிகள் 22 பேர். அவர்களில் ஒருவரின் பிள்ளைதான் கம்பராகே. தலைவர் வீட்டுப் பிள்ளை என்றாலும் ஆடு மேய்த்துதான் வளர்ந்தார்.

அப்போது அந்த நாட்டின் பெயர் டாங்கனிகா. முதல் உலகப் போருக்கு முன்பு ஜெர்மனியின் கையில் இருந்தது, போருக்குப் பிறகு பிரிட்டன் கைக்கு மாறியது. பள்ளிக்கூடம் என்பது அங்கே ஒரு சிலருக்குக் கிடைக்கும் அதிர்ஷ்டம். கம்பராகேவுக்கும் அது 12 வயதில்தான் கிடைத்தது. வீட்டில் இருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, முசோமாவில் தங்கிப் படித்தார். நான்கு ஆண்டு படிப்பை மூன்றே ஆண்டில் முடித்தார். அடுத்து தபோரா அரசுப் பள்ளி, பிறகு உகாண்டாவின் மக்கரேரே கல்லூரியில் ஆசிரியர் பயிற்சி. இதற்கு நடுவே கத்தோலிக்கராக ஞானஸ்நானம் பெற்று ‘ஜூலியஸ்’ ஆனார்.

சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துவிட்டு, 1949இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். பிரிட்டிஷ் பல்கலைக்கழகம் ஒன்றில் படித்த முதல் டாங்கனிகாக்காரர் அவர்தான். 1952இல் எம்.ஏ. பட்டத்தோடு ஊர் திரும்பி, டார் எஸ் சலாம் நகருக்குப் பக்கத்தில் உள்ள புகு என்ற இடத்தில் மறுபடியும் ஆசிரியர் வேலையில் சேர்ந்தார்.

1954 ஜூலை 7 அன்று ‘டானு’ கட்சி தொடங்கப்பட்டது. தலைவர் நைரேரே. அடுத்த ஆண்டே நியூயார்க் போய், ஐ.நா. சபையில் தன் நாட்டின் விடுதலைக்காகப் பேசினார். ஊர் திரும்பியதும் வேலையா, அரசியலா என்று முடிவெடுக்க வேண்டிய நிலை. வேலையை விட்டார். ஆனால் பட்டப்பெயர் மட்டும் போகவில்லை. சுவாஹிலி மொழியில் ‘ம்வாலிமு’ என்றால் ஆசிரியர். நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால் வாத்தியார். பிரதமர் ஆன பிறகும், அதிபர் ஆன பிறகும், இன்றுவரையிலும் அந்த நாட்டு மக்களுக்கு அவர் ம்வாலிமுதான்.

விடுதலை கிடைத்தபோது கையில் என்ன இருந்தது?

1961 டிசம்பர் 9 அன்று டாங்கனிகா விடுதலை பெற்றது. 1964இல் சான்சிபார் தீவோடு இணைந்து தான்சானியா ஆனது.

சுமார் ஒரு கோடி மக்கள்தொகை. ஆரம்பப் பள்ளியில் படித்தவர்கள் 5 லட்சத்துக்கும் குறைவு. பெரியவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பயிற்சி பெற்ற பொறியாளர்கள் 2 பேர், மருத்துவர்கள் 12 பேர் என்பது நைரேரே பின்னாளில் அடிக்கடி சொன்ன கணக்கு. இருந்த பள்ளிகளும் ஐரோப்பியருக்கு, இந்திய வம்சாவளியினர் உள்ளிட்ட ஆசியருக்கு, ஆப்பிரிக்கருக்கு என்று தனித்தனியாகப் பிரிந்து கிடந்தன. விடுதலை பெற்ற சூட்டோடு அந்த இனப் பிரிவினையை அரசு ஒழித்தது.

முதல் சில ஆண்டுகளில் நைரேரேவின் கவனம் உயர்நிலைப் பள்ளி, கல்லூரி பக்கம் இருந்தது. அதிகாரிகள் வேண்டும், டாக்டர்கள் வேண்டும், இன்ஜினீயர்கள் வேண்டும். படித்த நாலு பேரை உருவாக்கிவிட்டால் அவர்கள் நாட்டைத் தூக்கி நிறுத்துவார்கள் என்று நினைத்தார்.

அந்த நினைப்பில் மண் விழுந்தது 1966 அக்டோபரில். படிப்பு முடித்தவர்கள் குறைந்த ஊதியத்தில் கட்டாய தேசியப் பணி செய்ய வேண்டும் என்ற திட்டத்தை எதிர்த்து, டார் எஸ் சலாம் பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர்கள் ஊர்வலமாக அதிபர் மாளிகைக்கு வந்தார்கள். ஏழை விவசாயியின் வரிப் பணத்தில் படித்தவர்கள், திருப்பிக் கொடுக்கச் சொன்னால் கசக்கிறதா என்று கொதித்துப்போனார் வாத்தியார். சுமார் 400 மாணவர்களை வீட்டுக்கு அனுப்பினார். அமைச்சர்களும் அதிகாரிகளும் அதிகச் சம்பளம் வாங்குகிறார்கள் என்பதும் மாணவர்களின் புகார். அதில் நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டது. தன் சம்பளத்தில் 20 சதவீதத்தை அந்த இடத்திலேயே குறைத்துக்கொண்டார்.

அருஷா பிரகடனம்: உதவியை நம்பாதே!

சில மாதங்களிலேயே, 1967 பிப்ரவரியில், அருஷா பிரகடனம் வெளியானது. வங்கிகள், பெரிய தொழில்கள் அரசுடைமை ஆயின. ‘உஜமா’, அதாவது குடும்பம்போல் கூடி வாழும் சோஷலிசம், நாட்டின் கொள்கை ஆனது.

ஆனா இந்தக் கதைக்கு முக்கியமானது பிரகடனத்தின் இன்னொரு பகுதி. கையில் இல்லாத பணத்தை நம்பி வளர்ச்சித் திட்டம் போடாதே, வெளிநாட்டு உதவி என்பது விடுதலைக்கே ஆபத்தாக முடியலாம் என்று அதில் எச்சரித்திருந்தார் நைரேரே.

அது ஏட்டில் படித்து வந்த ஞானம் அல்ல. சான்சிபாரில் கிழக்கு ஜெர்மனிக்கு இடம் கொடுத்தது பிடிக்காமல், 1965இல் மேற்கு ஜெர்மனி தன் ராணுவ உதவியை நிறுத்தியது. அப்படியானால் மற்ற உதவியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் நைரேரே. அதே ஆண்டு டிசம்பரில், ரொடீசியாவின் வெள்ளை இன ஆட்சியை பிரிட்டன் அடக்கவில்லை என்று கூறி அந்த நாட்டுடன் தூதரக உறவைத் துண்டித்தார். வரவேண்டிய 75 லட்சம் பவுண்டு கடனுதவி கை நழுவியது. உதவி தருபவர் கையில் ஒரு கயிறும் இருக்கும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது.

அடுத்த மாதமே, ‘தற்சார்புக்கான கல்வி’ என்ற கொள்கைக் கட்டுரை வெளியானது. ஆரம்பப் பள்ளியில் படிக்கும் நூறு பேரில் பதினைந்து பேருக்குக்கூட உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடையாது. அப்படியிருக்க, மேல்படிப்புக்கான நுழைவுத் தேர்வுபோலவே ஏன் ஆரம்பக் கல்வியை நடத்த வேண்டும்? ஏழு வகுப்போடு நின்றுவிடும் பிள்ளைக்கும் அந்தப் படிப்பு முழுமையானதாக இருக்க வேண்டும் என்றார். சுவாஹிலி பயிற்று மொழி ஆனது. ஒவ்வொரு பள்ளிக்கும் தோட்டமோ வயலோ இருக்க வேண்டும், செலவில் ஒரு பகுதியை அதில் ஈட்ட வேண்டும் என்றும் சொன்னார். ஷேக்ஸ்பியரின் இரண்டு நாடகங்களைச் சுவாஹிலியில் மொழிபெயர்த்தவர் அவர். தாய்நாட்டு மொழியில் எதையும் கற்றுத்தர முடியும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

முதலில் பெரியவர்கள், பிறகு குழந்தைகள்

குழந்தைகள் வளர்ந்து நாட்டை மாற்றும்வரை காத்திருக்க முடியாது என்பது நைரேரேவின் வாதம். அதனால் 1970ஆம் ஆண்டை முதியோர் கல்வி ஆண்டாக அறிவித்தார்.

ஏரிக்கரை மாவட்டங்களில் யுனெஸ்கோ உதவியுடன் ஒரு சோதனை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. பருத்தி விவசாயிக்குப் பருத்தியைப் பற்றிய பாடப்புத்தகம். மீனவருக்கு மீன்பிடிப்பு பற்றிய பாடம். எழுத்தோடு சேர்த்துத் தொழிலும் படிக்கலாம். அந்த முறை நாடு முழுவதும் பரவியது. புதிதாகப் படிக்கக் கற்றவர்கள் மறந்துவிடாமல் இருக்க, ‘எலிமு ஹைனா ம்விஷோ’ என்ற கிராமப்புறப் பத்திரிகை வந்தது. கல்விக்கு முடிவில்லை என்று அர்த்தம்.

பலன்? 1967இல் பெரியவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் 67 சதவீதம். 1975 தேசியத் தேர்வில் அது 39 சதவீதம். 1980களின் நடுவில் 10 சதவீதத்துக்கு அருகில் வந்துவிட்டது. இது அரசு நடத்திய தேர்வுகளின் கணக்கு. எழுத்துக் கூட்டிப் படித்தவரும் இதில் அடக்கம்தான். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், அன்றைய ஆப்பிரிக்காவில் இது பெரிய சாதனை.

முசோமா தீர்மானம்: மூன்றாண்டில் என்ன நடந்தது?

1973இல் ஆரம்பப் பள்ளிக் கட்டணம் ரத்து. 1974இல் முசோமா தீர்மானம். அப்போது ஆரம்பப் பள்ளிகளில் படித்தவர்கள் சுமார் 12 லட்சம். 1978இல் அந்த எண்ணிக்கை 30 லட்சத்தை நெருங்கியது.

இத்தனை பிள்ளைகளுக்கு வகுப்பறை? கிராம மக்களே செங்கல் அறுத்து, சுவர் எழுப்பினார்கள். கூரைக்கும் சிமென்ட்டுக்கும் அரசு உதவியது. இடம் போதாத ஊர்களில் காலை ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று ஷிஃப்ட் போட்டார்கள்.

ஆசிரியர்கள்? பயிற்சிக் கல்லூரிகளில் இருந்து வருபவர்கள் போதவில்லை. அதனால் ஏழாம் வகுப்பு முடித்த இளைஞர்களையே எடுத்தார்கள். அவர்கள் தங்கள் ஊர்ப் பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டே, அஞ்சல் வழியிலும் வானொலியிலும் மூன்று ஆண்டுப் பயிற்சி பெற்றார்கள். இப்படிச் சேர்ந்தவர்கள் 40,000 பேருக்கும் மேல். ஏழாம் வகுப்பு படித்தவர், ஏழாம் வகுப்புவரை உள்ள பள்ளியில் ஆசிரியர்! தரம் என்னவாகும் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. ஆனால் பள்ளியே இல்லாத ஊருக்கு அதுதான் பள்ளி.

இதற்கு ஒரு இருண்ட பக்கமும் உண்டு. 1973 முதல் 1976 வரை, சிதறிக்கிடந்த குடியிருப்புகளைப் பெரிய கிராமங்களாகச் சேர்க்கும் பணி நடந்தது. ஒரே இடத்தில் இருந்தால்தான் பள்ளி, கிணறு, மருத்துவமனை கொடுக்க முடியும் என்பது அரசின் வாதம். ஆரம்பத்தில் விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்றார்கள். பிறகு அது கட்டாயம் ஆனது. லட்சக்கணக்கான குடும்பங்கள் லாரிகளில் ஏற்றப்பட்டன. சில இடங்களில் பழைய வீடுகள் கொளுத்தப்பட்டன. பள்ளி பக்கத்தில் வந்தது, ஆனா வயல் தூரமாகப் போனது. எதிர்த்துக் கேட்க மாற்றுக் கட்சியும் இல்லை. 1965 முதலே அங்கு ஒரு கட்சி ஆட்சிதான்.

சரி, பணம் எங்கிருந்து வந்தது?

இங்கதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. உதவியை நம்பாதே என்று சொன்ன நாட்டுக்கே, 1970களில் உதவி கொட்டியது. ஸ்வீடன், டென்மார்க், நார்வே போன்ற நாடுகளுக்கு நைரேரே மீது அவ்வளவு நம்பிக்கை. உலக வங்கியும் கடன் கொடுத்தது. சீனா வட்டியில்லாக் கடனில் 1,860 கிலோமீட்டர் ரயில் பாதையே போட்டுக் கொடுத்தது. முதியோர் கல்விப் புத்தகங்களுக்குக் காகிதம், அச்சு இயந்திரம் என்று பலவும் ஸ்வீடன் உதவியில் வந்தன.

ஆனால் உதவிப் பணத்துக்கு ஒரு குணம் உண்டு. கட்டடம், இயந்திரம், பயிற்சி என்று ஒருமுறை செய்யும் செலவுக்கு அது சுலபமாக வரும். ஒவ்வொரு மாதமும் கொடுக்க வேண்டிய ஆசிரியர் சம்பளத்துக்கு அவ்வளவு சுலபமாக வராது. பள்ளிக்கூடச் செலவில் பெரும்பகுதியோ சம்பளம்தான். அதை நாட்டின் வரி வருமானம்தான் சுமக்க வேண்டும். வரி வர வேண்டுமென்றால், மக்கள் சம்பாதிக்க வேண்டும்.

தான்சானியா சம்பாதித்தது காபி, பருத்தி, முந்திரி, கத்தாழை நார் ஆகியவற்றை விற்றுத்தான். செயற்கை நார் வந்ததும் கத்தாழை நாரின் விலை விழுந்தது. ஒரு டிராக்டர் வாங்க முன்பைவிடப் பல மடங்கு நாரை விற்க வேண்டியிருக்கிறது என்று உலக அரங்குகளில் நைரேரே திரும்பத் திரும்பச் சொன்னார். அது உண்மைதான். கூடவே, அவருடைய அரசின் தவறுகளும் சேர்ந்தன. விளைபொருளை வாங்கும் உரிமை முழுவதும் அரசு வாரியங்களிடம் போனது. அவை விவசாயிக்குக் கொடுத்த விலை குறைவு, அதுவும் தாமதம். ஓரளவு நன்றாக இயங்கிவந்த கூட்டுறவுச் சங்கங்கள் 1976இல் கலைக்கப்பட்டன. விற்று லாபமில்லை என்றதும் விவசாயி தன் சாப்பாட்டுக்கு மட்டும் பயிர் செய்தார், அல்லது கள்ளச் சந்தைக்குப் போனார்.

வெளியில் இருந்தும் அடி மேல் அடி. 1973இலும் 1979இலும் எண்ணெய் விலை உயர்வு. நடுவில் வறட்சி. 1977இல் கென்யா, உகாண்டாவுடன் இருந்த கிழக்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு உடைந்தது. 1978இல் உகாண்டாவின் இடி அமீன் படையெடுத்து வர, தான்சானியா திருப்பி அடித்து அவரைப் பதவியில் இருந்தே விரட்டியது. போர் வெற்றிதான், ஆனால் செலவு சுமார் 50 கோடி டாலர். அந்தப் பில்லைப் பகிர்ந்துகொள்ள யாரும் வரவில்லை.

கட்டணம் திரும்பி வந்தது

கஜானா காலி. சர்வதேச நாணய நிதியத்திடம் போனால், நாணய மதிப்பைக் குறை, செலவை வெட்டு என்று நிபந்தனை. நைரேரே மறுத்தார். இந்தச் சண்டையில் அவருடைய நிதியமைச்சரே 1979இல் ராஜினாமா செய்தார். ஆண்டுகள் ஓட ஓட, நெருங்கிய நண்பர்களான ஸ்காண்டிநேவிய நாடுகளும் நிதியத்துடன் சமரசம் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லத் தொடங்கின. அருஷாவில் எச்சரித்த அந்தக் கயிறு இப்போது அவர் கழுத்திலேயே இறுகியது.

பள்ளியில் இதன் விளைவு என்ன? புத்தகம் இல்லை. டெஸ்க் இல்லை. விலைவாசி ஏற, ஆசிரியர் சம்பளத்தின் மதிப்பு கரைந்தது. ஆசிரியர்கள் பிழைப்புக்காகத் தோட்டமும் சிறு வியாபாரமும் பார்க்கப் போனார்கள். 1980களின் நடுவில், நைரேரே பதவியில் இருக்கும்போதே, ஆரம்பப் பள்ளிக்குக் கட்டணம் மறுபடி வந்தது. தானே ஒழித்த கட்டணம், தன் ஆட்சியிலேயே திரும்பி வந்ததைப் பார்த்தார் வாத்தியார்.

1985இல் அவராகவே பதவி விலகினார். ஆப்பிரிக்காவில் அன்று அது அபூர்வம். அடுத்து வந்த அலி ஹசன் ம்வின்யி, 1986இல் நாணய நிதியத்துடன் ஒப்பந்தம் போட்டார். சந்தை திறந்தது, ஆனால் பள்ளிச் செலவு இன்னும் சுருங்கியது. 1980 வாக்கில் 90 சதவீதத்தைத் தாண்டியிருந்த ஆரம்பப் பள்ளிச் சேர்க்கை விகிதம், அந்தப் பத்தாண்டின் முடிவில் 70களுக்கு இறங்கிவிட்டது. கட்டணம், சீருடை, நோட்டு எல்லாம் கட்ட முடியாத வீடுகள்தான் முதலில் பிள்ளைகளை நிறுத்தின.

பதவிக்குப் பிறகு

கூட்டுறவுச் சங்கங்களைக் கலைத்தது தவறு, உள்ளாட்சி அமைப்புகளை ஒழித்தது தவறு என்று நைரேரே பின்னர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். கல்விக்குச் செலவிட்டதை மட்டும் அவர் தவறென்று சொன்னதே இல்லை.

1987 முதல் 1990 வரை, வளரும் நாடுகளின் பிரச்சினைகளை ஆராய்ந்த தெற்கு ஆணையத்துக்குத் தலைமை வகித்தார். அதன் பொதுச் செயலாளராக அவருடன் ஜெனீவாவில் பணியாற்றியவர் மன்மோகன் சிங்! 1995இல் இந்திய அரசு காந்தி அமைதி விருதை உருவாக்கியபோது அதை முதலில் பெற்றவரும் நைரேரேதான். ஏழை நாடுகள் தங்கள் குழந்தைகளின் பசியிலும் படிப்பிலும் கைவைத்துத்தான் கடனை அடைக்க வேண்டுமா என்பது, கடைசிவரை அவர் எழுப்பிய கேள்வி. 1990களின் இறுதியில் தான்சானியா ஆரம்பக் கல்விக்குச் செலவிட்டதைவிடக் கடனுக்குக் கட்டியது அதிகம்.

1999 அக்டோபர் 14 அன்று, லண்டன் மருத்துவமனையில் ரத்தப் புற்றுநோயால் நைரேரே இறந்தார். உடல் புட்டியாமாவில் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் பார்க்காத முடிவு

அவர் இறந்து இரண்டே ஆண்டில் கதை திரும்பியது. மிகக் கடன்பட்ட ஏழை நாடுகளுக்கான தள்ளுபடித் திட்டத்தில், 2001 நவம்பரில் தான்சானியாவுக்குப் பெரும் கடன் நிவாரணம் கிடைத்தது. அதே காலத்தில் ஆரம்பப் பள்ளிக் கட்டணம் இரண்டாவது முறையாக ஒழிந்தது. 2000இல் 44 லட்சம் அளவில் இருந்த மாணவர் எண்ணிக்கை, 2006இல் 80 லட்சத்தை நெருங்கியது.

இந்த முறை அது ஏன் சரியவில்லை? உதவி வந்தது, கடன் குறைந்தது என்பது ஒரு பாதி. 2000களில் பொருளாதாரமும் ஆண்டுக்குச் சராசரியாக 6 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது என்பது மறு பாதி. மாதா மாதம் சம்பளம் போட அரசிடம் வரிப் பணம் இருந்தது. 2016இல் உயர்நிலைப் பள்ளியின் முதல் நான்கு ஆண்டுகளுக்கும் கட்டணம் ரத்து ஆனது.

ஆனால் பழைய கேள்வி மறையவில்லை. பிள்ளைகள் கூட்டமாக வந்ததும் ஒரு ஆசிரியருக்கு 50 பேருக்கும் மேல் என்றானது. வகுப்பில் உட்கார்ந்திருப்பதும், பாடம் புரிவதும் ஒன்றல்ல என்பதை 1970களைப் போலவே தான்சானியா மறுபடி கற்றுக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் நைரேரே அவசரப்பட்டுவிட்டாரா? முதலில் நாடு பணக்கார நாடாகட்டும், பிறகு எல்லோருக்கும் பள்ளி என்று காத்திருந்திருக்க வேண்டுமா? காத்திருந்தால், 1970களில் பள்ளி வயதில் இருந்த ஒரு தலைமுறைக்கு வாய்ப்பே கிடைத்திருக்காது. குழந்தைப் பருவம் யாருக்கும் இரண்டாவது முறை வராது. மறுபக்கம், பணம் வரும் வழியைக் கவனிக்காமல் விட்டதன் விலையை 1980களில் பள்ளி வயதில் இருந்த தலைமுறை கொடுத்தது.

உதவிப் பணம் ஒரு பள்ளியைத் திறந்துவைக்கும். அதைத் தொடர்ந்து நடத்த, விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலையும், அதில் இருந்து வரும் வரியும் வேண்டும். 1967இல் அருஷாவில் நைரேரே எழுதிவைத்த பாடம் ஏறக்குறைய இதுதான். எழுதிய வாத்தியாராலேயே அதில் தேற முடியவில்லை. ஆனால் 2001இல் கட்டணம் ஒழிந்ததும் பிள்ளைகளைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கு அழைத்துவந்தவர்களில் பலர், முசோமா தீர்மானத்துக்குப் பிறகு அவர் திறந்த பள்ளிகளில் எழுதப் படிக்கக் கற்ற பெற்றோர்.